எழுதாமல் விட்ட தேதிகள்

மாங்குடியான் ஏரிக்கரையில் நிற்கிற கண்காணிப்புக் கோபுரத்துக்கு நாற்பத்திரண்டு இரும்புப் படிகள். பெரியநாயகசாமி வருஷக்கணக்காக அவற்றை ஏறி இறங்கியவர். புரட்டாசியில் ஏறத் தொடங்கினால் பொங்கல் வரைக்கும் நூற்றிருபது நாள். வேலை இதுதான்: குளிர்காலத்துக்காக வடக்கேயிருந்து வருகிற வேட்டைப் பறவைகளை எண்ணி ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சிரித்தார்கள். “பருந்த எண்றதுக்குக் கூட ஆள் போடுறாங்களா?” என்று நன்னிலம் டீக்கடையில் ஒருவர் கேட்டார். அவருடைய மகன் சிங்கப்பூரில் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறான். அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

சிரிக்கிறவர்களுக்குத் தெரியாது, அது அவ்வளவு லேசான வேலை இல்லை. ஊர்ப் பருந்து கணக்கில் வராது. கரும்பருந்தும் செம்பருந்தும் வருஷம் முழுக்க இங்கேயே கிடப்பவை. பூனைப்பருந்து, விராலடிப்பான், எப்போதாவது ஒரு புள்ளிக்கழுகு, இவைதான் கணக்கு. அதிலும் ஒரே பறவை ஏரியைப் பத்துச் சுற்றுச் சுற்றும். பத்து என்று எழுதிவிடக் கூடாது. அதற்குப் பெரியநாயகசாமி ஒரு வழி வைத்திருந்தார். வடகரையில் இரண்டு பனைமரம். இரண்டுக்கும் நடுவே மனசுக்குள் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டித் தெற்கே வந்தால் ஒன்று. திரும்பிப் போய்விட்டு மறுபடி வந்தால் அதைக் கழித்துவிடுவார். கண்ணை எடுக்க முடியாது. ஒரு பீடியைப் பற்றவைக்கிற நேரத்தில் இரண்டு தாண்டிவிடும் என்று பீடியையே விட்டவர்.

இந்த வேலையில் அவரைக் கொண்டுவந்து வைத்தவள் கனிமொழி. சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த பெண். தொண்ணூற்றாறில் கோபுரம் கிடையாது, கரையில் ஒரு மூங்கில் பரண்தான். வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெரியநாயகசாமியைக் கூப்பிட்டு, பைனாகுலரைக் கையில் கொடுத்து, பத்தே நாளில் பழக்கிவிட்டாள். முதல் நாள் அவர் எண்ணியதைக் கேட்டு அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

“லாபம்... ரெண்டு... மூணு...”

“ஏங்க, ஒண்ணு எங்க போச்சு?” என்றாள்.

“எங்கப்பா மிராசுதார் களத்துல நெல்லு அளந்தவருங்க, மேடம். மொத மரக்கால லாபம்னுதான் சொல்லுவோம். ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒண்ணோட நின்னுடும்னு ஒரு இது.”

எழுதும்போது ஒன்று என்றே எழுதினார், அதில் குழப்பம் இல்லை. குழப்பம் வேறு இடத்தில் இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் முழுக்க மழை. ஒரு பறவைகூட வரவில்லை. சாயங்காலம் பேனாவைத் திறந்து ரெஜிஸ்டர் முன்னால் உட்கார்ந்தவருக்குக் கை ஓடவில்லை. அவர் வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் இல்லை என்று யாரும் சொன்னது கிடையாது. பானை காலியாக இருக்கும். அம்மா “நெறஞ்சிருக்குடா” என்பாள். கல்யாணம் ஆகி வந்த செபஸ்தியம்மாளும் அப்படியேதான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம், பங்குச் சாமியார் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கமே வைத்திருக்கிறார். பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து உலை வைக்கும்போது மறுபடி அதே பேச்சு. இல்லாததை வாயால் சொன்னால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்கிற பயம் அவ்வளவு ஆழமானது. வாயால் சொல்லவே பயப்படுகிறவர் மையால் எழுதுவாரா? பூஜ்யமும் போடாமல், இல்லை என்றும் எழுதாமல், அந்தத் தேதியின் வரியையே வெறுமையாக விட்டுவிட்டார். மறுநாள் ஆறு பறவை வந்தது. விட்டது சரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

கனிமொழி மாசத்துக்கு ஒருமுறை வந்து ரெஜிஸ்டரைப் பார்ப்பாள். நடுவே விட்டுப்போன தேதிகளைப் பார்த்து, அவர் லீவு எடுத்த நாட்கள் என்று அவளாக முடிவு செய்துகொண்டாள். “நல்லா ரெஸ்ட் எடுங்க, தப்பில்ல” என்றுகூடச் சொன்னாள். எதற்கு இதைச் சொல்கிறாள் என்று இவருக்கு விளங்கவில்லை, தலையை ஆட்டினார். இவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எழுதியிருந்த நாட்களை மட்டும் வைத்துச் சராசரி போட்டாள்: ஒரு நாளைக்கு ஒன்பது பறவை. அந்த ஒன்பது வனத்துறை மேலிடத்துக்குப் போனது. ஒன்பதைப் பார்த்துத்தான் கான்கிரீட் கோபுரம் வந்தது, சீசன் வாட்சர் என்று ஒரு வேலையும் வந்தது. தொண்ணூற்றெட்டில் கனிமொழி அமெரிக்கா போய்விட்டாள். ரெஜிஸ்டர் எழுதுகிற வேலை மட்டும் இங்கேயே நின்றது.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் இருந்தது. இதுதான் பெரியநாயகசாமியின் காலில் விழுந்த கட்டு. பரண் காலத்தையும் சேர்த்து, இடைவிடாமல் பத்துப் பருவம் வந்தவரை நிரந்தரமாக்குவார்கள். பருவத்துக்கு நூறு நாளாவது வந்திருக்க வேண்டும். ஒரு பருவம் விட்டால் மறுபடி முதலிலிருந்து.

தொண்ணூற்றொன்பதில் செபஸ்தியம்மாளின் தம்பி ஆன்டோ குவைத்திலிருந்து விசா அனுப்பினான். ஸ்டோரில் சாமான் இறக்கி ஏற்றுகிற வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். பெரியநாயகசாமி கணக்குப் போட்டார். மூன்று பருவம் முடித்தாயிற்று, இன்னும் ஏழு. போனால் மூன்றும் வீண். அந்த விசாவில் பெரியப்பா மகன் டேவிட்சன் போனான். இரண்டாயிரத்து இரண்டில் மேட்டூர் திறக்கவில்லை. ஆறு காய்ந்து, ஏரி வெடித்து, குறுவையும் போய்ச் சம்பாவும் போய், ஊரில் பாதி ஆம்பிளைகள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பஸ் ஏறினார்கள். ஆன்டோ மறுபடி விசா அனுப்பினான். இந்த முறை ஆறு பருவம் முடிந்திருந்தது.

“ஆறு முடிஞ்சு ஏழு நடக்குதுடா. இப்பப் போயி விட்டா மனுசன் சிரிப்பான்” என்றார் போனில்.

“எல்லாரும் இப்பவே சிரிச்சுக்கிட்டுத்தான் மச்சான் இருக்காங்க” என்றான் ஆன்டோ.

நியாயமான பேச்சுதான். ஆனால் போகப் போகக் கட்டு இறுகுமே தவிர தளராது. மூன்று பருவத்தில் விட்டிருந்தால் மூன்றுதான் நஷ்டம். ஆறில் விட்டால் ஆறு. தண்ணீர் இல்லாத ஏரியைப் பார்த்துக்கொண்டு, வராத பறவைக்காகக் கழுத்து வலிக்க உட்கார்ந்திருந்தார். வருகிறவை எங்கேயோ கஜகஸ்தான் பக்கத்திலிருந்து வருகின்றன என்று கனிமொழி சொல்லியிருந்தாள். பாஸ்போர்ட் கேட்பாரில்லை, வேலைக் கணக்குக் கேட்பாரில்லை. அவற்றின் மேல் அவருக்குச் சில சமயம் நிஜமாகவே கோபம் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செபஸ்தியம்மாள் முதலில் கேட்கிறது ஒரே கேள்வி.

“இன்னிக்கு எத்தன?”

“பதினொண்ணு” என்பார், அல்லது “நாலு” என்பார். ஒன்றும் வராத நாளில், “நாளைக்கு வரும்” என்பார். அவளும் அதற்கு மேல் கேட்க மாட்டாள். அந்த வீட்டில் அந்தப் பதிலுக்கு அர்த்தம் தெரியாதவர் யாரும் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்து கார்த்திகையில் பெய்த மழையில் கரை உடைந்து, கோபுரத்தைச் சுற்றி வெள்ளம் வளைத்துக்கொண்டது. காலையில் ஏறியவர் இறங்க முடியவில்லை. முழுதாக இரண்டு நாள் மேலேயே கிடந்தார். தூக்குவாளியில் இருந்த சோறு முதல் நாள் மத்தியானத்தோடு தீர்ந்தது. கீழே செத்த ஆடு மிதந்து போனது, வைக்கோல் போர் ஒன்று அப்படியே நகர்ந்து போனது. தன் வேலையைப் பற்றி அவர் நிஜமாக யோசித்தது அந்த இரண்டு நாளில்தான். இறங்கவும் முடியாது, போகவும் முடியாது, ஒன்பது வருஷமாகவே இப்படித்தான் இருக்கிறோம், வெள்ளம் இன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்று தோன்றியது. வாய்விட்டு அழுதார். தீயணைப்புப் படகு வந்து இறக்கியது. மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. ரெஜிஸ்டரில் அந்த இரண்டு தேதிகளும் வெறுமை, பறவை வரவில்லையே.

அந்தப் பொங்கலோடு பத்துப் பருவம் முடிந்தது. அடுத்த ஆவணியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செபஸ்தியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப, பெரியநாயகசாமி அலுவலகத்துக்குப் போனார். பிரிவு எழுத்தர் தியாகேசன் நல்ல மனுஷர். டீ வாங்கிக் கொடுத்தார். பத்து ரெஜிஸ்டரையும் மேஜையில் அடுக்கி, ஒவ்வொன்றாக நாட்களை எண்ணினார். எண்ண எண்ண அவர் முகம் மாறியது.

“சாமி, பருவத்துக்கு எழுபத்தாறு, எழுபத்தேழு நாள்தான வருது? நூறு வேணுமே.”

“நா தினம் வந்தேங்க சார்.”

“ரெஜிஸ்டர் அப்படிச் சொல்லலியே. ஆபீஸ் மாறுனப்ப பழைய சம்பள வவுச்சர் எல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. இதுதான் ஒரே சாட்சி.” பக்கத்தைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார். “என்ன சாமி இது? வெள்ளத்துல நீங்க டவர்ல மாட்டிக்கிட்டது ஊருக்கே தெரியும். பேப்பர்ல நீங்க இருக்கீங்க. ரெஜிஸ்டர்ல இல்லியே?”

பெரியநாயகசாமி சொன்னார். மழை, பேனா, ஓடாத கை எல்லாவற்றையும். சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது. தியாகேசன் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் அரிசி நிறையத்தான் செய்யும், தீராது.

“சரி. விட்டுப்போன நாளுக்கெல்லாம் பூஜ்யம் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க. வந்தீங்கன்னு ஆயிடும்” என்றவர், கால்குலேட்டரை எடுத்து எதையோ தட்டினார். மறுபடி தட்டினார். “இருங்க இருங்க. இதுல ஒரு வில்லங்கம் இருக்கு.”

வில்லங்கம் இதுதான். எல்லாக் கோபுரங்களையும் மறு ஆய்வு செய்யச் சொல்லி அந்த வருஷம் உத்தரவு வந்திருந்தது. நாளுக்கு எட்டுப் பறவைக்குக் குறைந்தால் கோபுரத்தை மூடிவிட வேண்டும். இப்போது கணக்கில் ஒன்பது. பூஜ்யங்களைச் சேர்த்துச் சராசரி போட்டால் ஆறுகூட வராது.

“பூஜ்யம் போட்டா ஆளு நெலைக்கும், டவர் போயிடும். போடலன்னா டவர் நெலைக்கும், நீங்க போயிடுவீங்க.” தியாகேசன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்த நாளுக்கெல்லாம் எட்டு, ஒம்போதுன்னு மாத்தி மாத்திப் போட்டுட்டு வாங்க. ரெண்டும் நெலைக்கும். பறவை என்ன, வந்து சாட்சியா சொல்லப் போவுது? மூணு நாளைக்கு ரெஜிஸ்டர எடுத்துட்டுப் போங்க. நா எதையும் பாக்கல.”

வீட்டில் இதைச் சொன்னதும் செபஸ்தியம்மாள் வெடித்துவிட்டாள். பத்து வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள்.

“வராதத வரலன்னு எழுத மாட்டேன்னு இருந்தீங்க. இப்ப வந்துச்சுன்னு எழுத என்ன நோவுது? உங்களுக்கு எழுதறதுக்கும் மனசு வராது, எழுதாம இருக்கவும் தெரியாது. நம்ம பொண்ணு லின்சி நர்சிங் முடிக்கணும். டேவிட்சன் மாடி வீடு கட்டிட்டாரு. நாம படி ஏறி இறங்குனதுதான் மிச்சம். எழுதிட்டு வாங்க.”

அவள் பேச்சில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் பத்து ரெஜிஸ்டரையும் சாக்குப் பையில் கட்டிக்கொண்டு கோபுரத்துக்குப் போனார்.

முதல் நாள் பென்சிலால் ஆரம்பித்தார். தொண்ணூற்றாறு, புரட்டாசி, அந்த முதல் மழை நாள். ஒன்பது என்று போட்டார். அடுத்த விடுபட்ட தேதிக்கு எட்டு. அடுத்ததற்கு மறுபடி ஒன்பது. பிறகு ஏழு, சந்தேகம் வராமல் இருக்க. பொய் எழுதுவது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனால் எந்தப் பறவை எத்தனை என்று வகை பிரித்து எழுத வேண்டும். அங்கேதான் சங்கடம் வந்தது. விராலடிப்பான் இரண்டு என்று எழுதினால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பனைக்கு மேலேயா கீழேயா என்று மனசு தானாகத் தேடியது. தேடினால் பறவை கிடைக்கவில்லை, அந்த நாள்தான் கிடைத்தது. இது லின்சிக்கு அம்மை போட்டிருந்த நாள். இது அம்மாவை அடக்கம் செய்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து ஏறிய நாள். அவர் நிஜமாகவே வராத நாட்கள் பத்து வருஷத்துக்கும் சேர்த்துப் பதினொன்று. பதினொன்றையும் பெயர் சொல்லிச் சொல்ல அவருக்குத் தெரியும்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷ ரெஜிஸ்டரில் ஒரு புதன்கிழமைக்கு வந்தார். ஆன்டோவின் முதல் விசாவை டேவிட்சனுக்கு விட்டுக்கொடுத்த மறுநாள். அன்றைக்கு ஒரே ஒரு பறவை வரட்டும் என்று விடிந்ததிலிருந்து வானத்தைப் பார்த்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒன்று வந்தால் போதும், தங்கியதில் அர்த்தம் உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். கண்ணில் நீர் வடிய இருட்டுகிற வரைக்கும் பார்த்தார். வரவில்லை. அந்தத் தேதிக்கு நேரே எட்டு என்று போடப் போன பென்சில் நின்றுவிட்டது.

இதற்கு நேர்மை, நாணயம் என்றெல்லாம் பெரிய பெயர் வைக்க வேண்டியதில்லை. அந்த நாளுக்கு எட்டு என்று எழுதினால் அவர் பட்டது பொய்யாகிவிடும், அவ்வளவுதான். பட்டதும் போய்விட்டால் பத்து வருஷத்தில் அவர் கையில் வேறென்ன இருக்கிறது? ரப்பரை எடுத்துப் போட்டதையெல்லாம் அழித்தார். பேனாவைத் திறந்தார். பூஜ்யம். முதல் பூஜ்யத்துக்குப் பேனாவை மூன்று முறை மூடித் திறந்தார். இருபதாவதற்கு மூடவில்லை. நூறு தாண்டியபோது கோபமாக வந்தது. பறவை மேல், ஆபீஸ் மேல், தன் மேல். மூன்றாம் நாள் சாயங்காலம் நானூற்றிருபத்தைந்து பூஜ்யம் முடிந்திருந்தது. வராத பதினொரு நாளை வெறுமையாகவே விட்டார்.

தியாகேசன் ரெஜிஸ்டர்களைப் பிரித்துப் பார்த்தார். “உங்கள ஒண்ணும் சொல்றதுக்கில்ல சாமி. ரெண்டு உத்தரவுல எது மொதல்ல வருதுன்னு பாப்போம்” என்று மட்டும் சொன்னார். கோபுரத்தை மூடுகிற உத்தரவுக்கு முன்னால் நிரந்தர உத்தரவு வந்துவிட்டால் வேறு எங்காவது மாற்றிப் போடுவார்கள். அந்த ஒரு நூல் அளவு நம்பிக்கையில் பதினோராவது பருவத்துக்குப் படி ஏறினார் பெரியநாயகசாமி. பழைய ரெஜிஸ்டர்கள் மேலிடத்தில் இருந்தன, புதியது இன்னும் வரவில்லை. வருகிறவரை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதினார். இப்போது ஒன்றும் வராத நாளுக்குப் பூஜ்யம் போட்டார்.

ஐப்பசி இரண்டாவது வாரம், மத்தியானம் இரண்டு மணிக்குத் தபால்காரர் கீழே நின்று குரல் கொடுத்தார். இறங்கி வாங்கிக்கொண்டு மேலே வந்து பிரித்தார். ஒரே தாள். அவருடைய வேலை நாட்கள் முழுவதும் ஏற்கப்பட்டன. மாங்குடியான் ஏரிக் கோபுரத்தின் கணக்கெடுப்பு உடனடியாக நிறுத்தப்படுகிறது. கோபுரம் மூடப்படுவதால் அவரை அமர்த்துவதற்குப் பணியிடம் இல்லை.

அந்தக் கடைசி வார்த்தையை அவர் வெகுநேரம் பார்த்தார். எவ்வளவு எளிதாக டைப் அடித்திருக்கிறார்கள். ஆன்டோவைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போன மாசம்தான் அவன் சொல்லியிருந்தான், நாற்பதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள் மச்சான் என்று. இவருக்கு நாற்பத்துமூன்று.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது வடக்கே பனைகளுக்கு நடுவில் ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. கோட்டைத் தாண்டியது. “லாபம்” என்றது வாய். பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் மூன்று சேர்ந்து. பார்க்க வேண்டாம் என்று ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முடியவில்லை, திரும்பினார். புள்ளிக்கழுகு ஒன்று வந்தது, மூன்று வருஷமாக வராதது. மேகம் கலைந்து வெயில் அடிக்க அடிக்க வந்துகொண்டே இருந்தன. சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்று. பத்து வருஷத்தில் ஒரு நாளும் அத்தனை வந்ததில்லை. நோட்டு பக்கத்திலேயே கிடந்தது. அவர் திறக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது செபஸ்தியம்மாள் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

“இன்னிக்கு எத்தன?”

“இல்ல” என்றார் பெரியநாயகசாமி.

அரிசி களைந்த கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. அவர் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளை அவள் அப்போதுதான் பார்த்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.